கைதட்டாமல் காத்திருங்கள்

இந்த விழாவுக்குத் தலைமை தாங்கும் நமது பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி சுந்தராம்பாள் அம்மா அவர்களே, கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே, தறியை நிறுத்திவிட்டுத் தங்கள் செல்வங்கள் ஆடுவதைக் காண வந்திருக்கும் தாய்மார்களே, பந்தல்குடியிலிருந்தும் பரளச்சியிலிருந்தும் பஸ் ஏறி வந்து நாற்காலி கிடைக்காமல் நின்றுகொண்டிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் முறுக்கு மென்றபடி 'இவர் எப்போது முடிப்பார்' என்று முணுமுணுக்கும் முத்துக்களே, உங்கள் அனைவருக்கும் செல்லப்பாண்டி வாத்தியாரின் வாஞ்சை மிகுந்த வணக்கம்.

நான் மைக்கைப் பிடித்தால் கடைசிப் பஸ்ஸை விட்டுவிட வேண்டியதுதான் என்பது ஊரறிந்த செய்தி. அஞ்சாதீர்கள். இன்று பெருமை பேச வரவில்லை. பிழை ஒன்றைப் பேச வந்திருக்கிறேன். அது என் பிழை.

ஏழு ஆண்டுகளுக்கு முன் இதே மேடை, இதே ஆண்டு விழா. அப்போது நான் இரண்டாம் வகுப்பு ஆசிரியர். என் வகுப்பில் காளீஸ்வரி என்றொரு குழந்தை. வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். நான் எழுதிய இருபத்து நான்கு வரிக் கவிதையை, கண்ணை மூடிக்கொண்டு கணீரென்று சொன்னாள். கேட்டவர் மனம் குளிரவில்லையா? தட்டிய கைகள் சிவக்கவில்லையா? எவர்சில்வர் தூக்குவாளி ஒன்றைப் பரிசளித்து, 'இவள் நாளை நாடாளுவாள்' என்று நான் முழங்கவில்லையா? முழங்கினேன். அதன்பின் சுதந்திர தினமா, காளீஸ்வரி. குடியரசு தினமா, காளீஸ்வரி. கண்ணில் பட்டபோதெல்லாம் கவிதை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

சென்ற ஜூனில் அவள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தாள். நானும் பதவி உயர்ந்து அந்த வகுப்புக்கு வந்திருந்தேன். முதல் நாளே 'இவள் என் மாணவி' என்று மார்தட்டி, ஆபீசிலிருந்து வந்த சுற்றறிக்கையைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். வாங்கினாள். பார்த்தாள். நின்றாள்.

"என்னத்தா, தொண்டை கட்டிருச்சா?" என்றேன்.

அருகில் வந்து மெதுவாகச் சொன்னாள். "சார், யாராவது ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க. அப்பறம் நான் சொல்லிருவேன்."

அவளுக்கு வாசிக்கத் தெரியாது, பெருமக்களே. காதால் வாங்கினாள், வாயால் கொடுத்தாள். கரும்பலகையில் இருந்ததைக் கோலம் போடுவதுபோல் பார்த்து எழுதினாள். பரீட்சையில் பக்கத்துத் தாள் கைகொடுத்தது. வகுப்பே சேர்ந்து படிக்கும்போது ஓங்கிக் கேட்டது அவள் குரல்தான். அந்தக் குரலில் மயங்கிய நான், அவளைத் தனியே அழைத்து ஒரு வரி வாசிக்கச் சொன்னேனா? சொல்லவே இல்லை.

நான்காம் நாள் அவள் தாயார் சௌடம்மாள் டி.சி. கேட்டு வந்தார். "இனி பள்ளிக்கூடம் போகமாட்டேன், மில்லு வேலைக்கு வேன் ஏறிர்றேங்கா சார்" என்றார். நான் ஏதேதோ சமாதானம் சொன்னேன். அந்த அம்மா குரலை உயர்த்தவே இல்லை.

"ஒத்த இழை அறுந்தாலும் தறிய நிப்பாட்டி, முடிச்சுப் போட்டுத்தான் ஓட்டுவோம் சார். நீங்க ஏழு வருசம் அப்பிடியே ஓட்டிட்டீகளே."

"பொங்கல் வரைக்கும் பொறுங்கம்மா" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

தொடக்கப் பிரிவு ஈஸ்வரி டீச்சர் தினமும் மணியடிக்க அரை மணி நேரம் முன்னால் வந்தார். கேலி செய்ய ஒரு கண்ணும் இல்லாத நேரத்தில் அகரத்திலிருந்து ஆரம்பித்தார். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அது எவ்வளவு கசந்திருக்கும்? இரண்டு முறை அழுதுகொண்டே எழுந்து போனாள். இரண்டு முறையும் மறுநாள் திரும்பி வந்தாள். தீபாவளி முடிந்து ஒரு நாள் என்னிடம் ஓடி வந்தாள்.

"சார், பஸ்ஸு போர்ட நானே வாசிச்சேன். வீரசோழன்னு போட்டிருந்துச்சு."

"அது உங்க வீட்டுப் பக்கம் போகாதேத்தா?"

"அதான் சார் ஏறல."

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

பொங்கல் முடிந்தது. சௌடம்மாள் வந்தார். டி.சி. கேட்கவில்லை. "பத்தாங்கிளாஸு புத்தகம் எப்ப சார் குடுப்பீக?" என்று கேட்டார்.

மகிழ்ச்சிதான். ஆனால் ஏழு வயதில் ஏழு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, பதினான்கு வயதில் ஏழு மாதமாகியும் முடியவில்லையே. இடையில் அவள் பட்ட அவமானத்தை யார் திருப்பிக் கொடுப்பது? அவளை மேடையில் ஏற்றிய நானா? கைதட்டிய நீங்களா?

ஆகவே வருகிற ஜூனிலிருந்து, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் முதல் மாதத்திலேயே தனியே அமர்த்தி, முன்பின் பாராத பக்கத்தைக் கொடுத்து, நடுவிலிருந்து வாசிக்கச் சொல்லுவோம். திணறினால் திட்டமாட்டோம். அந்த வாரமே அருகில் உட்காருவோம். வீட்டாரையும் அழைப்போம், குறை சொல்வதற்கல்ல, கூடி யோசிப்பதற்கு. தலைவி அம்மா இதற்கு இசைந்துவிட்டார்.

என்ன ரத்தினம் அண்ணே, 'அம்புட்டுப் பிள்ளைக்கும் நேரம் ஏது' என்கிறீர்களா? ஆளுக்கு ஐந்து நிமிடம் அண்ணே. கைதட்டி ஏமாற ஏழு வருடம் இருந்த நமக்கு, காதுகொடுத்துக் கேட்க ஐந்து நிமிடம் இல்லையா?

இந்தக் கதையைச் சொல்லலாமா என்று காளீஸ்வரியிடம் கேட்டேன். "சொல்லுங்க சார். உங்க தப்பையும் விடாமச் சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டேன் தாயே. இன்னொன்றும் கேட்டாள். இன்றைய நன்றியுரையை அவள்தான் வாசிக்க வேண்டுமாம். முன்கூட்டி யாரும் வாசித்துக் காட்டக் கூடாதாம். ஈஸ்வரி டீச்சர் எழுதி ஒட்டிய உறை இதோ என் கையில் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்கும் தெரியாது.

பெருமக்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அவள் திணறுவாள். நிறுத்துவாள். எழுத்துக் கூட்டுவாள். யாரும் எடுத்துக் கொடுக்காதீர்கள். பாதியில் கைதட்டாதீர்கள். அன்று நாம் தட்டிய சத்தத்தில்தான் இவளுக்கு வாசிக்கத் தெரியாதது நம் காதில் விழாமல் போனது. கடைசி வரி முடியும்வரை பொறுத்திருங்கள்.

இத்தனை நேரம் என்னையே பொறுத்துக்கொண்ட உங்களுக்கு, இந்தச் சின்னப் பொறுமை பெரிதல்ல. அனைவருக்கும் என் வணக்கம். நன்றியை நான் சொல்லப் போவதில்லை, அவள் வாசிப்பாள்.

வாத்தா காளீஸ்வரி. உறையைப் பிரி.