பக்கத் தையல்

தையல்காரிக்குப் பேச்சு குறைவு என்று சொல்வார்கள். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. வாயில் பாதி நேரம் குண்டூசி இருக்கும், அவ்வளவுதான். இப்போது ஊசி இல்லை, நீங்களும் மரியாதையாகக் கேட்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

என் மாமியாரை நான் வெறுத்தேன் என்று என் நாத்தனார் உங்களிடம் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அது உண்மை இல்லை. அவருக்கு எல்லை என்று ஒன்று தெரியாது. அதை ஒருவர் போட வேண்டியிருந்தது. நீங்களும் ஒரு வீட்டு மருமகளாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்குப் புரியும்.

அவருக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. மருத்துவமனையிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். எங்களுடையது அடுக்குமாடியில் இரண்டே அறை. ஒன்றில் நாங்கள் படுப்போம். மற்றதில் நான் தைப்பேன், வெளிச்சம் வருகிற அறை அது ஒன்றுதான். அதை அவருக்குக் கொடுத்துவிட்டு, என் மெஷினைச் சமையலறைக்குப் பக்கத்து நடையில் போட்டு, ஒரு திரை கட்டினோம். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பார்களே, நான் இடத்தைக்கூடக் கொடுக்கவில்லை. என் கணவர் கொடுத்தார்.

மடத்தைப் பிடுங்க மாமியாருக்கு அதிக நாள் ஆகவில்லை. யார் வந்தாலும் திரையை விலக்கிக்கொண்டு வந்து நிற்பார். ஒரு தடவை ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை அளவு பார்க்கப் பாதி தைத்த கவுனோடு நின்றுகொண்டிருந்தார். இவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இடுப்பு எங்க இருக்குன்னே தெரியலையே. இவ கத்திரி வெச்சா அப்படித்தான்" என்றார். தலைமையாசிரியை மறுபடி வரவே இல்லை. இன்னொரு நாள் ஒரு முழு சாட்டின் துணி மேல் காபியைக் கொட்டிவிட்டு, துவைத்தால் போய்விடும் என்றார். மாமியார் உடைத்தால் மண்குடம் அல்லவா.

அந்தத் தொழில் எனக்கு வெறும் சம்பாத்தியம் இல்லை. அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. கணவரிடம் சொன்னேன்.

"உடம்பு முடியாதவங்க. கொஞ்சம் பொறுத்துக்கோயேன்."

"ஆள் வர்ற நேரத்துல மட்டும் ரூமுக்குள்ள இருக்கச் சொல்லுங்களேன்."

"நீயே சொல்லு. பக்குவமாச் சொன்னா கேப்பாங்க."

பக்குவமாகத்தான் சொன்னேன். கையில் சாக்பீஸோடு ஒரு துணியில் அளவு குறித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், சாக்பீஸைப் பார்த்தார். "என் மகன் வீட்டுல எனக்கே கோடு போடுறியா? போ, போய் உன் துணியில போடு கோட்டை."

சரி அத்தை என்றேன். பெரியவர்கள் சொன்னதைக் கேட்கிறவள் நான்.

அவருடைய நோய் என்ன மாதிரி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதயம் சரியாக அடிக்காவிட்டால் உடம்பில் நீர் தங்கும், வீங்கும். தினமும் எடை பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மாமியார் ஒரு நாள் எடை மெஷினில் ஏறினார், அது சொன்ன எண் பிடிக்கவில்லை, காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். அடுத்த தடவை போனபோது டாக்டர் சிரித்துக்கொண்டே, "எடை பார்க்க மாட்டீங்கன்னா துணியையாவது கவனிங்கம்மா. போடற துணி இறுகினா நீர் சேருதுன்னு அர்த்தம். அன்னிக்கு நீர் மாத்திரை ஒண்ணு கூடப் போட்டுக்கோங்க, தண்ணி குடிக்கிறதைக் குறைச்சுக்கோங்க" என்றார். மாமியார் தலையாட்டினார். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவர் போட்டிருந்த கவுன் எல்லாம் நான் தைத்தது. கடையில் வாங்கினது அவருக்குப் பிடிக்காது. நான் தைத்ததும் பிடிக்காது, ஆனால் அதற்குக் காசு கொடுக்க வேண்டாம். துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு மடித்து வைப்பதும் நான்தான். பக்கத் தையலில் ஒரு நூல் அளவு உள்ளே பிடித்துத் தைக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பால் பொங்குவதற்குள் முடித்துவிடுவேன்.

முதலில் அது ஒரு வேலிதான். வீக்கம் என்று பயந்தால் படுத்திருப்பார், படுத்திருந்தால் என் திரைப்பக்கம் வரமாட்டார். அவ்வளவுதான் நான் நினைத்தது. அப்படியேதான் நடந்தது. கையைத் தூக்கிப் பார்த்தார், அக்குளில் பிடித்தது. "என்னடா இது, ஊதுறேனே" என்று மகனைக் கூப்பிட்டுச் சொன்னார். தானே மாத்திரை போட்டுக்கொண்டார். தண்ணீர்ச் செம்பைத் தானே தள்ளி வைத்தார். என் கையால் ஒரு மாத்திரைகூட நான் கொடுத்ததில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வாரம் வீடு வீடாக இருந்தது. மூன்று பேர் அளவு கொடுக்க வந்தார்கள், நான் நிம்மதியாகப் பேசினேன், ஒருத்தியோடு சிரிக்கக்கூடச் செய்தேன்.

பிறகு ஒரு சிக்கல் வந்தது. தொழிலில் அடிக்கடி வருவதுதான். கூடுதல் மாத்திரையும் குறைந்த தண்ணீருமாக அவர் உடம்பு வற்றத் தொடங்கியது. உடம்பு வற்றினால் துணி தளர்ந்துபோகும். தளர்ந்தால் எழுந்து வருவார். அதனால் அவர் வற்ற வற்ற, நானும் உள்ளே பிடித்துக்கொண்டே போனேன். கால் வீங்கியது போலத் தெரிய, செருப்பு வாரையும் ஒரு தடவை குறைத்தேன். ஆள் பாதியாகிவிட்டார், துணி மட்டும் இறுக்கிக்கொண்டே இருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருக்கிறதே என்று என் கணவர் கேட்டார். "முகத்தைப் பார்க்காதடா, உடம்பைப் பாரு. சட்டை ஏறவே மாட்டேங்குது" என்று அவரே பதில் சொன்னார். டாக்டரிடம் போகலாம் என்றால், மறுபடி மருத்துவமனையில் படுக்க வைத்துவிடுவார்கள் என்று மறுத்துவிட்டார். யாரும் யாரையும் தடுக்கவில்லை.

உதடு வெடித்திருந்தது. என்னிடம் ஒரு தடவை தண்ணீர் கேட்டார். "டாக்டர் சொன்னது உங்களுக்கே தெரியுமே அத்தை" என்றேன். குரலை உயர்த்தவில்லை. நாக்கால் உதட்டை நனைக்கப் பார்த்தார், நாக்கிலும் ஈரம் இல்லை. அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. இஸ்திரி வேலை பாக்கி இருந்ததால் வெளியே வந்துவிட்டேன்.

ஒரு மதியம், கணவர் வேலைக்குப் போயிருந்தபோது, திரை கட்டியிருந்த மரச்சட்டத்தை வெளியிலிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டில் மாமியார் எதையும் தட்டி நான் கேட்டதில்லை.

"உள்ள வரலாமா?"

வரச் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். கையில் ஒரு கவுன்.

"ஏம்மா, இதைக் கொஞ்சம் பிரிச்சு விடுறியா? மூச்சு முட்டுது. நீதான் நல்லாத் தைப்பியே."

நல்லாத் தைப்பியே. நீங்கள் கேட்டீர்களா? என் கல்யாணம் முடிந்த நாளிலிருந்து அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது.

நாற்காலி போட்டேன். டேப்பை எடுத்து அளந்தேன். சின்னப் பெண்ணின் அளவு. கவுனைத் திருப்பி உள்பக்கம் பார்த்தேன், உள்ளங்கை அகலத்துக்குத் துணி மடிந்து கிடந்தது. அவர் விலாவை அழுத்திக்கொண்டிருந்ததே அந்த மடிப்புதான்.

"துணியில இடமே இல்ல அத்தை. இருந்ததை எல்லாம் பிரிச்சு விட்டாச்சு" என்றேன்.

"சரிம்மா. என்னால உனக்கு எத்தனை தொல்லை" என்று என் கையைத் தொட்டார். பிறகு நான் தைப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு குறை சொல்லவில்லை. நூலைக் கோத்துத் தரட்டுமா என்று கேட்டார். இரண்டு தடவை பார்த்தார், கோக்க வரவில்லை, நான் வாங்கிக் கோத்துக்கொண்டேன். ஒரு தாயும் மகளும் போல இருந்தோம்.

அந்த வாரக் கடைசியில் மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் சிறுநீரகம் நின்றுவிட்டது என்றார்கள், அங்கேயே போய்விட்டார். இதய நோயாளி, வயதானவர், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நாத்தனார்தான் அழுதுகொண்டே, அம்மா வாசனை இருக்கிறது என்று ஒரு கவுனை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். அவள் குச்சி மாதிரி இருப்பாள். தோளுக்குக் கீழே இறங்கவில்லை. "அண்ணி, அம்மா இதையா போட்டிருந்தாங்க?" என்று கேட்டுவிட்டு உள்பக்கத்தைத் திருப்பினாள். மற்றதெல்லாம் உங்கள் மேஜை மேலேயே இருக்கிறது.

நீங்கள் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்கிறீர்கள். அந்த மதியமாவது ஏன் பிரித்துவிடவில்லை, அவர்தான் பணிந்து வந்துவிட்டாரே என்று. நியாயமான கேள்வி. பிரித்திருந்தால் பயம் தெளிந்து தண்ணீர் குடித்திருப்பார், பிழைத்திருப்பார். எனக்கு அப்போதே தெரியும். ஆனால் பிழைத்து எழுந்து வருவது யார்? பழைய மாமியார். தட்டிவிட்டு வருகிற மாமியார், நல்லாத் தைப்பியே என்று சொல்கிற மாமியார், எனக்கு அன்றைக்குத்தான் கிடைத்திருந்தார். அவரை இழக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் அப்படியே இருக்கட்டும் என்றுதான், அவர் போய்ப் படுத்த பிறகு, அந்தக் கவுனில் இன்னும் ஒரு தையல் உள்ளே போட்டேன்.