ஏலக்காய் ஸ்டோரின் கதவு

ஏலக்காயைப் பச்சை நிறம் மாறாமல் உலர்த்துவது எளிய வேலையன்று, ஐயா. குரங்கணிக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் காய் உலர்த்தும் ஸ்டோரில், அடுப்பின் சூடு தகரக் குழாய் வழியாக அறையைச் சுற்றி வரும். தீ மூட்டியபின் நான் சொல்லும்வரை ஒருவரும் கதவைத் திறக்கக் கூடாது. பதினான்கு ஆண்டுகளாக அந்த ஒழுங்கு தவறியதில்லை.

என் மனைவி சந்திரவல்லி 1983இல் சென்னைத் தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டியில் முதற்பரிசு பெற்றாள். அதன்பின் தேவாரம், சிலமலை, தேனி என்று இரண்டு ஆண்டுகள் மேடைக் கச்சேரிகள். அவள் தொண்டைக்கு வெந்நீர் வைத்துக்கொண்டு நான் மேடையோரம் அமர்ந்திருப்பேன். ஜீப்பு ஓட்டும் மொக்கையன் ஒருநாள் பலர் முன்னிலையில், "அண்ணே, கூஜா தூக்குற சோலிக்குச் சம்பளம் எம்புட்டு?" என்றான். நானும் சிரித்தேன்.

புரட்டாசியில், திரைப்படத்தில் பாடுவதற்குக் கடிதம் வந்தது. சென்னையிலேயே தங்க வேண்டும். உடன் வருவதாகச் சொன்னேன்.

"நீங்க எதுக்கு? ஸ்டோரப் பாருங்க. எனக்குப் பாடவும் தெரியும், பஸ்சு ஏறவும் தெரியும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை.

அவள் புறப்பட இரண்டு நாள் இருந்தது. தீ மூட்டுவதற்கு முன் அந்த அறையில்தான் அவள் பாடிப் பழகுவாள். மழைக் குளிருக்கு அடக்கமான இடம். அன்று காலையும் உள்ளே சென்றாள். கதவைத் தாழிட்டுத் தீ மூட்டினேன். முதலில் பாட்டுக் கேட்டது. பிறகு இருமல். பிறகு கதவைத் தட்டினாள். அதிலும் தாளம் பிசகவில்லை. அவள் எதையும் அரைகுறையாகச் செய்பவள் அல்லள்.

காய் பொறுக்கும் சுருளியம்மாள் ஓடி வந்தாள்.

"கதவத் தொறங்கண்ணே. உள்ள ஆளு கெடக்கு."

திறந்தால் காயின் நிறம் போய்விடும் என்று அவளுக்கு விளக்கினேன். அவள் அரிவாளை எடுத்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்துவிட்டாள்.

நிறத்துக்காகவே திறக்கவில்லை என்றுதான் உங்களிடமும் நேற்றுச் சொன்னேன். புகை பிடித்த காய்க்கு நிறம் ஏது என்று இன்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. புகை கசியாதிருக்கக் குழாய் மூட்டில் பூசியிருந்த களிமண்ணை முந்தைய நாள் நானே சுரண்டி எடுத்தேன்.

அவள் உயிரை நான் கேட்கவில்லை. குரல்வளை வெந்துவிட்டது, இனிப் பேச்சு வராது என்று மருத்துவர் சொன்னதாகக் கேள்வி. உங்களுக்குக்கூட அவள் தாளில்தான் எழுதிக் காட்டியிருக்கிறாள்.

அப்படியிருக்க, அவளுக்காகப் பேச ஓர் ஆள் வேண்டாமா? வாக்குமூலத்தை எழுதிக்கொண்டீர்களென்றால் சொல்லுங்கள், ஐயா. மாலை பஸ்சுக்கு நான் ஆஸ்பத்திரி போக வேண்டும். அவள் எனக்காகக் காத்திருப்பாள்.