ரோனாவின் லாப்டாப் ஏன் அணைந்தது

எனக்குத் தேநீர் சூடாக இருக்க வேண்டும். மற்றபடி நான் எதற்கும் அடம்பிடிக்கிறவன் அல்ல. நம் பள்ளியின் நூற்று இருபத்தைந்தாம் ஆண்டு மலர் இன்னும் ஏன் வரவில்லை என்று விழாக்குழு கேட்டிருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ரோனாவுக்கு மட்டும் இதைக் காட்ட வேண்டாம்.

அந்த மலருக்காகப் பழைய மாணவர்கள் முந்நூறு பேரின் கடிதங்களை என் மனைவி ரோனா இரண்டு வருடமாகத் தட்டச்சு செய்தாள். அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஜூலையில் அவளுடைய லாப்டாப்பில் புது சிஸ்டம் ஏறியது. அன்றிலிருந்து அது இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது. ஆகஸ்டில் பாதி வரியில் அணைய ஆரம்பித்தது.

அதே ஆகஸ்டில்தான் தாயில்லாத செம்மறியாட்டுக் குட்டி ஒன்றைப் பனியிலிருந்து தூக்கி வந்தேன். உலகத்தின் தென்கோடியில் இருக்கும் இந்தச் சவுத்லாந்தில், ஆகஸ்ட் குளிர்காலத்தில், எல்லார் வீட்டிலும் அப்படிப்பட்ட குட்டிகள் அடுப்போரம்தான் பிழைக்கின்றன. எங்கள் வீட்டில் மட்டும் தடை. போன வருடத்துக் குட்டி ரோனாவின் கல்யாணத் தொப்பியைத் தின்றுவிட்டது.

"இனி ஒரு குட்டி வாசப்படி தாண்டுச்சு, நீயும் அதோட கொட்டகையிலதான் படுக்கணும், அலிஸ்டர்" என்று சொல்லியிருந்தாள். நியாயமான பேச்சுதான். ஆனால் காலையும் மாலையும் அவள் பள்ளிப் பேருந்து ஓட்டப் போய்விடுவாள். அடுப்போரம் விட்டால் சாம்பலில் குளம்புத் தடம் விழும். லாப்டாப்பில் தடம் விழாது. மூடிவைத்து, அணைக்காமல், குட்டியை மேலே படுக்க வைத்தேன். ஒரு வாரத்தில் நடுக்கம் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

செப்டம்பரில் இன்வர்கார்கிலில் இருந்து ரோனாவின் அக்கா மகள் கிர்ஸ்டி வந்து லாப்டாப்பைக் கழற்றினாள்.

"சித்தப்பா, ஃபேன்ல இவ்வளவு முடி எப்படி வந்துச்சு?"

"உங்க சித்திக்குக் கொஞ்ச நாளா முடி கொட்டுதும்மா" என்றேன்.

ரோனா தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"இந்தக் கெழட்டு மிஷினுக்குப் புதுசு தாங்காது சித்தி. பழைய சிஸ்டத்தையே போட்டுடலாமா?" என்றாள் கிர்ஸ்டி. மலரைப் பென்டிரைவில் எடுத்துவைத்து, பழையதை ஏற்றி, மலரைத் திரும்பவும் லாப்டாப்பில் போட்டுக் கொடுத்தாள். அதன் பிறகு அது ஒரு தடவைகூட அணையவில்லை. ரோனா பாடிக்கொண்டே வேலை செய்தாள். அவள் சந்தோஷம் எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் லாப்டாப் சில்லென்று ஆகிவிட்டது. குட்டி அதில் படுத்துப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது.

அச்சகத்துக்கு அனுப்ப நான்கு நாள் இருக்கும்போது, ரோனா பேருந்தை எடுத்ததும், நானே புது சிஸ்டத்தைத் திரும்ப ஏற்றினேன். எல்லாம் அழிந்துவிடும், சரியா என்று திரை மரியாதையாகக் கேட்டது. சரி என்றேன். பென்டிரைவைக் குட்டி மென்றுகொண்டிருந்ததை அதற்குப் பிறகுதான் பார்த்ததாக ரோனாவிடம் சொல்ல நினைத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை. லாப்டாப்பைத்தான் திட்டினாள். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். உங்களிடம் மறைப்பானேன், திரைக்குச் சரி சொல்வதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டேன்.

அன்று அவளுக்கு நானே தேநீர் போட்டுக் கொடுத்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது டிசம்பர். ரோனா முதல் கடிதத்திலிருந்து மறுபடி தட்டிக்கொண்டிருக்கிறாள். அரை மணிக்கு ஒரு தடவை அணைகிறது. குட்டி முப்பத்தைந்து கிலோ ஆகிவிட்டதால் லாப்டாப்பின் மேல் தாடையை மட்டும்தான் வைக்க முடிகிறது. மனைவியைவிட ஆடு பெரிதா என்று நீங்கள் கேட்கலாம். அப்படியெல்லாம் இல்லை. ரோனாவுக்குக் குளிரெடுத்தால் போட்டுக்கொள்ளக் கம்பளிச் சட்டை இருக்கிறது. பாவம், ஆடு கம்பளிக்கு எங்கே போகும்?