சம்மதம் செல்லாது

— கல்யாணத்தைப் பதிவு பண்ணப் போனவ இப்படியா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வருவ? மாப்பிள்ளை எங்க?

— வாசல்ல. நான்தான் அங்கயே இருங்கன்னேன்.

— என்ன ஆச்சு குட்டிம்மா? நீயே வீல்சேரைத் தள்ளிக்கிட்டு வந்து மூச்சு வாங்குது பாரு. தண்ணி குடிச்சிட்டு மெதுவா சொல்லு.

— தண்ணி வேணாம். அந்த அதிகாரி என்னைப் பாக்கவே இல்ல. அவரைப் பாத்து, இவங்களுக்குச் சம்மதமான்னு கேட்டாரு.

— உன் பேச்சு புதுசா கேக்கிறவங்களுக்குப் புரியாதுல்ல. அதான் நானும் வரேன்னேன்.

— பேச்சு குழறினா என்ன அண்ணா? எழுதிக் கொடுத்தேன். எனக்குச் சம்மதம்னு. முற்றுப்புள்ளியோட.

— அச்சகத்துல ப்ரூஃப் பாக்கிறவளாச்சே, புள்ளி வைக்காம விடுவியா.

— சிரிக்காதீங்க. உங்க எழுத்து செல்லாதுன்னுட்டாரு. ஒரு தாளைக் காட்டினாரு. மூணாவது கட்டத்துல டிக். ‘சுயமாக முடிவெடுக்கும் திரன் இல்லை.’ திறனுக்குச் சின்ன ர. கை சும்மா இருக்குமா, திருத்தப் போனேன். பேனாவைப் பிடுங்கிட்டாரு.

— அடக் கடவுளே.

— கீழ பாதுகாவலர் கையெழுத்து. உங்களோடது.

— அது அம்மா போன புதுசுல போட்டதும்மா. அஞ்சு வருஷம் ஆச்சு. உன் ஊனத்துக்கு அட்டை வாங்க எத்தனை நடை நடந்தேன்? எட்டாவது தடவை அந்த கிளார்க், மூணாவது கட்டத்துல டிக் போடுங்க, இன்னைக்கே கிடைச்சிடும்னான். படிச்சே பாக்கல. நடக்க முடியாததைப் பத்தி ஏதோன்னு நினைச்சேன்.

— ஊரார் தப்பெல்லாம் திருத்துறேன். என் தாளை நான் பாக்கல.

— தெரியாம நடந்தது. எழுதிக் கொடுத்து ரத்து பண்ணிடலாம்.

— அவரும் வழியெல்லாம் அதையேதான் சொன்னாரு. உங்க அண்ணன் தெரியாம போட்டிருப்பாருன்னு.

— தங்கமான மனுஷன். உங்க அச்சகத்து மெஷின் சத்தத்துலயே கிடந்து உதட்டைப் பாத்துப் பழகினவர். உன் பேச்சு அவருக்கு முதல் நாளே புரிஞ்சிடுச்சு.

— உங்களுக்கும் புரியும். டாக்டர் கேட்டா, டீச்சர் கேட்டா, நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள நீங்க பதில் சொல்லியிருப்பீங்க.

— பழகிப்போச்சும்மா. நீயும் போயிட்டா இந்த வீட்ல நான் யாருக்காகப் பேசப்போறேன், சொல்லு.

— அண்ணா, அந்தத் தாளுக்கு ஆயுசே அஞ்சு வருஷம்தானாம். யாரும் புதுப்பிக்கலைன்னா போன மாசமே செல்லாமப் போயிருக்கும்.

— அப்படியா சொன்னாங்க?

— அடியில இன்னொரு கையெழுத்து இருந்துச்சு. அவர் கண்ல படாம கையை வச்சு மறைச்சேன்.

— குட்டிம்மா...

— தேதியை நான் பாத்துட்டேன். ஆனா உங்க வாயால கேக்கணும். எப்பப் போட்டீங்க?

— அவர் வந்து உன்னைப் பெண் கேட்டதுக்கு மறுநாள்.