பீரோவுல பூட்டின சர்டிபிகேட்டு

சிவசங்கர்: ...டீம் லீடர் கூப்புட்டா மொத ரிங்குலயே எடுக்கணும் ராதிகா. எங்க இருக்க?

ராதிகா: சின்னசேலம் ஸ்டேஷன்லண்ணா. இட ஒதுக்கீட்டு மறியல்... மெட்ராஸுக்கு ரயிலே இல்ல.

சிவசங்கர்: அதனால இன்னா? பிளாட்பாரத்துல குந்திக்கினு லேப்டாப்புல கோடு அடி. ராத்திரிக்குள்ள கிளையண்டுக்குப் போவணும்.

ராதிகா: இன்னிக்கு ஞாயித்துக்கெழமைண்ணா.

சிவசங்கர்: நம்ம கம்பெனி ஒரு குடும்பம்மா. குடும்பத்துல ஏது ஞாயித்துக்கெழமை?

ராதிகா: எங்க குடும்பத்துல உண்டுண்ணா. கறிக்கொழம்பு வெப்பாங்க.

சிவசங்கர்: வாயி ஜாஸ்தியாயிடுச்சி ஒனக்கு.

ராதிகா: சம்பளந்தான் கம்மி. ட்ரெயினிங் முடிஞ்சி வருஷமாச்சி, இன்னும் ட்ரெயினி சம்பளம்.

சிவசங்கர்: கொரோனாவுல கம்பெனியே தள்ளாடுதும்மா...

ராதிகா: ஓனர் புதுக் காரு வாங்கினாரே?

சிவசங்கர்: அது... நமக்கெல்லாம் ஒரு ஊக்கம் வரட்டும்னு.

ராதிகா: எங்க கொல்லையில கரும்பு வெட்றவங்களுக்கு என்னவிட கூலி ஜாஸ்திண்ணா. சோறு துன்னும்போது போன் பண்ணி எங்க இருக்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க.

சிவசங்கர்: அப்ப போயி கரும்பு வெட்டு!

ராதிகா: போறேன். என் சர்டிபிகேட்டைக் குடுங்க.

சிவசங்கர்: வேலைய வுட மாட்டேன்னு எழுதிக் குடுத்த பாண்டு முடியற வரைக்கும் ஒரிஜினல் எச்ஆர் பீரோவுலதான். சேரும்போதே சொன்னதுதான? ...வெள்ளிக்கெழம போயி அழுதியாமே?

ராதிகா: அழுவல. கெஞ்சினேன். நாளைக்கு காலையில கவர்மெண்ட் வேலைக்கு சர்டிபிகேட்டு சரிபார்ப்பு. ஒரிஜினல் இல்லன்னா போச்சி. ஊரே ரோட்டுல குந்திக்கினு எடம் கேக்குது... எனக்குக் கெடச்ச எடத்துக்கு சாதி சர்டிபிகேட்டு உங்க பீரோவுல கெடக்குது. வயிறு எரியுதுண்ணா.

சிவசங்கர்: இரு, இரு... அங்க இன்னா கொர்ருனு சத்தம்?

ராதிகா: ஏசிண்ணா... வெயிட்டிங் ரூம்ல.

சிவசங்கர்: சின்னசேலத்துல ஏசியா? நானும் அந்தப் பக்கத்து திருக்கோவிலூர்க்காரன்தாம்மா. யாருகிட்ட? அது நம்ம ஆபீஸ் ஏசி சத்தம். ஆபீஸ்லதான இருக்க?

ராதிகா: ...நேத்தே பஸ் ஏறி வந்துட்டேன். எச்ஆர் ரூம்லதான் நிக்கிறேன். போட்டுக் குடுக்கறதுன்னா குடுத்துக்குங்க.

சிவசங்கர்: பீரோ?

ராதிகா: பூட்டிக் கெடக்குது. சாவியத்தான் தேடிக்கினு இருக்கேன்.

சிவசங்கர்: ...புள்ளையார் படத்துக்குப் பின்னால கைய வுடு.

ராதிகா: அய்யோ, இருக்குது! உங்களுக்கு எப்டிண்ணா தெரியும்?

சிவசங்கர்: எத்தினியோ தபா அந்த சாவிய எடுத்துட்டு, பயந்துக்கினு அங்கியே வெச்சிட்டு வந்தவன்தான் நான்... மேல்தட்டுல எம்பேரு போட்ட ஃபைலுல என் சர்டிபிகேட்டு இருக்கும் ராதிகா. அதையும் எடுத்துக்கினு வந்துடும்மா.