தங்க ஈடு

இல்லம்மா, ஆஸ்பத்திரியில யாரும் இல்ல. இப்போ போன்ல உங்க பொண்ணுகிட்ட சொன்னீங்களே, எதிர் சீட்டுல ஒருத்தி செல்போனையே வெறிச்சுக்கிட்டு இருக்கா, பாவம், யாரோ சாகக் கிடக்காங்க போலன்னு. காதுல விழுந்துச்சு. தப்பா எடுத்துக்கல. ஒரு வகையில நிஜந்தான். ஆனா மனுசங்க இல்ல, தொட்டி.

தொட்டின்னா மூணு மாடி உயரத்துக்கு, எஃகுல. உள்ள கிருமி. அய்யோ, தள்ளி உக்காராதீங்க, கெட்ட கிருமி இல்ல. ரொட்டிக்காரங்க மாவு மெத்துனு வர்றதுக்கு ஒரு பொடி கலப்பாங்கல்ல, அதைச் சுரக்குற கிருமி. நீங்க வீட்டுல பாலுக்கு உறை ஊத்தி, கம்பளியில சுத்தி வெக்கிறீங்கல்ல? அதே வேலைதான். கெட்டா உங்களுக்கு ஒரு சட்டி. எங்களுக்கு லாரி லாரியாப் போகும்.

இந்தாங்க, பாருங்க. பச்சைக் கோடு இருக்குல்ல, அது உள்ள எவ்வளவு காத்து மிச்சம்னு காட்டும். அதுங்க தின்னத் தின்ன மூச்சு வாங்கும், காத்து குறையும், பச்சை இறங்கும். சிவப்பு, நாம ஊத்துற சர்க்கரைப் பாகு. இப்போ தரையோட கிடக்குது, இன்னும் ஊத்த ஆரம்பிக்கல. எப்போ ஊத்துறதுங்கிறதுலதான் என் உசுரு ஊசலாடுது.

எங்க பிரிவுத் தலைவர் க்ராசிமிர் என்ன சொல்றாருன்னா, முதல்ல போட்ட சர்க்கரை தீர்ந்த உடனே பாகை ஊத்துங்கிறாரு. நான் பொறுங்கன்னு சொல்றேன். இதுங்க அவசர அவசரமாத் தின்னும்போது ஒரு புளிப்பைத் துப்பும். சர்க்கரை தீர்ந்ததும் வேற வழியில்லாம, துப்பினதையே திரும்பத் தின்னும். ஆமா, கருமந்தான். அதுவும் சுத்தமாத் தீர்ந்தா பச்சைக் கோடு சட்டுனு மேல எகிறும். அப்போ ஊத்தணும். முன்னாடியே ஊத்தினா அந்தப் புளிப்புலயே ஊறிக் கிடந்து சோர்ந்து போயிடும். தின்னும், வேலை செய்யாது. உங்க மருமகன் மாதிரியா? சரியாப் போச்சு, போங்க.

இது என் வாய்ச் சவடால் இல்லம்மா, கணக்கு. கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு தொட்டி கட்டியிருக்கேன், வெறும் எண்ணால. எப்போ தின்னும், எப்போ துப்பும், எப்போ களைக்கும், எல்லாம் அதுல இருக்கு. ரெண்டு வருஷ உழைப்பு. கேன்டீன்ல பெட்கோ அண்ணன் தினமும் கேப்பாரு, என்ன நெவியானா, உன் காகிதத் தொட்டியில இன்னைக்கு என்ன சூப்பு, உப்பு போதுமான்னு. அவர் தேவலை, கேலியோட விட்டுடுவாரு. க்ராசிமிர் கேலி பண்ண மாட்டாரு. நான் வாயைத் திறந்தா அவர் ஜன்னலைத் திறக்க எழுந்து போயிடுவாரு. பனி கொட்டினாலும் ஜன்னல்தான்.

அவருக்கு ஒரே வேதம், தங்க ஈடு. இட்டிலி ஈடு மாதிரிதான், ஒரு தடவை தொட்டியை நிரப்பி இறக்கினா ஒரு ஈடு. என்னைக்கோ ஒண்ணு அபாரமா வந்துடும். அதுக்குப் பேரு தங்க ஈடு. அப்புறம் காலம் பூரா, அதே மாதிரி செய், அதே மாதிரி செய். எங்களுக்கு அது இவர் ஷிஃப்ட்ல வந்துச்சு. அதை வெச்சுத்தான் தலைவர் ஆனாரு. ப்ளோவ்திவ் பட்டணம் வரைக்கும் கூப்பிட்டுப் பேசச் சொல்லுவாங்க. ஆனா மறுபடி ஒரு தடவைகூட வரலம்மா. அதே சூடு, அதே சர்க்கரை, அதே நேரத்துக்கு அதே பாகு. ம்ஹூம். தண்ணிய மாத்தினாங்க, ஆளை மாத்தினாங்க. கிட்டக்கூட வரல.

அந்த ஈட்டை என் கணக்குல போட்டுப் பாத்தேன். மத்த ஈடெல்லாம் பொருந்துது, இது மட்டும் பொருந்தல. என்னையே நான் எவ்வளவு திட்டியிருப்பேன்! கடைசியில வெறுத்துப்போய், பாகை ரொம்ப நேரம் கழிச்சு ஊத்தியிருந்தா எப்படின்னு மாத்திப் போட்டேன். ஜம்முனு வந்து உக்காந்துடுச்சு. அப்படின்னா எழுதி வெச்ச நேரத்துக்கு அன்னைக்கு யாருமே ஊத்தல. அப்போல்லாம் கையால எழுதுறதுதானே.

சோஃபியாவுல இருக்குற தலைமை ஆபீஸ்ல கெஞ்சிக் கூத்தாடி ஒத்துக்க வெச்சேன். இந்த ஒரு ஈடு என் கணக்குப்படி. தேறலைன்னா கணக்கு குப்பைக்கு, நான் லேபிள் ஒட்டுற பிரிவுக்கு. சரின்னேன். அப்புறம் அதே நாள் பாத்து என்னை மீட்டிங்குக்கு வரச் சொல்றாங்கம்மா! தொட்டி அங்க, நான் ரயில்ல, பொத்தான் க்ராசிமிர் கையில. பச்சை எகிறுற வரைக்கும் தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் கிளம்பினேன். நீ போயிட்டு வா, என் தொட்டியை எனக்குத் தெரியும்னாரு. அதுக்கு என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க.

மெஸ்ட்ரா ஸ்டேஷன் தாண்டியாச்சா? போச்சு. இனிமே மலை, சுரங்கம், சிக்னல் வராது. சரியா சர்க்கரை தீர்ற நேரம். பாருங்க, படம் அப்படியே நின்னுபோச்சு.

தங்க ஈடு அன்னைக்கு ஏன் லேட்டா ஊத்தினாங்கன்னா கேக்குறீங்க? தெரியும்மா. அது பிப்ரவரி, திராட்சைக் கொடி வெட்டுற திருநாள். ஒரே ஒரு கிளாஸ் குடிச்சுட்டு வந்துடுறேன்னு தோட்டத்துப் பக்கம் போயிருக்காரு. வருஷா வருஷம் ஒருத்தரை ராஜாவாக்குவாங்கல்ல, அந்த வருஷம் இவரையே பிடிச்சுட்டாங்க. தலையில கொடிக் கிரீடம், நாலு பேரு தோள்ல தூக்கிக்கிட்டு ஊர்வலம், மேளம். ராஜா எப்படி இறங்கி ஃபேக்டரிக்கு ஓடுவாரு? எல்லாம் முடிஞ்சு ஓடிவந்து பாகைத் திறந்துட்டு, வழக்கமான நேரத்தையே எழுதிட்டாரு. வேற என்னத்தை எழுதுவாரு? பாத்தா, ஈடு தங்கமா வந்து நிக்குது.

யாரு சொன்னாங்களா? அவர்தான். ரெண்டையும் தனித்தனியாச் சொல்லுவாரு. யாரு வந்தாலும் முதல் கிளாஸுக்கு ராஜாவான கதை, அடுத்த கிளாஸுக்குத் தங்க ஈட்டுக் கதை. ரெண்டும் ஒரே நாள்னு யாரும் கோத்துப் பாக்கல. நானே பாக்கல. அந்தக் கிரீடம் இன்னும் எங்க சமையலறை ஆணியிலதான் தொங்குது. தூசி தட்டுறது நான்தான்.

ஆமாம்மா, என் வீட்டுக்காரர். சொல்லலையா?

போன வாரம் கணக்கைக் காட்டினேன், கிரீடத்தையும் காட்டினேன். எழுந்து தக்காளிச் செடிக்குத் தண்ணி ஊத்தப் போயிட்டாரு. அதுலேருந்து உப்பை எடு, கதவைச் சாத்து, அவ்வளவுதான் எங்களுக்குள்ள. இன்னைக்கு அவர் சீக்கிரமே திறந்துட்டா யாரும் அவரை ஒரு கேள்வி கேக்கப் போறதில்ல. இந்த ஈடும் சுமாரா வரும், என் கணக்கு பொய், அவர் ராஜாவாவே இருப்பாரு. பொறுத்தாருன்னா தங்கத்தையும் தாண்டி வரும். அப்புறம் ஊரே கேக்கும்ல, அப்போ நீ அன்னைக்கு எப்போய்யா ஊத்தினேன்னு.

வெளிச்சம் வந்துடுச்சு. சிக்னலும் வருது. இல்ல, நான் பாக்கல, என்னால முடியாது. நீங்க பிடிங்க. கண்ணாடியைப் போட்டுக்குங்க. பச்சை எங்க இருக்கு? எகிறி, திரும்ப இறங்கிடுச்சா? சிவப்பு? ஏறியிருக்கா. எப்போ? அய்யோ, மணி வேணாம்மா. பச்சை எகிறினதுக்கு முன்னாடியா, பின்னாடியா? விரலை வெச்சுப் பாருங்க. நல்லாப் பாருங்க.

அது வரைக்கும் தரையிலயே கிடந்துச்சா சிவப்பு?

அப்புறம்தான் திறந்திருக்காரு.