அரக்கு நிறத்துல ஒரு கோட்டு

இருங்க தம்பி, பில்லுல பேரு போடணும்னு கேட்டீங்கல்ல, முழுசா எழுதிக்குங்க. தேவ்நாராயண் ஜக்ரூப். வெறும் ஜக்ரூப்னு போட்டீங்கன்னா எங்க காரபிச்சைமாவுல பாதித் தெரு திரும்பிப் பாக்கும். தேவ்நாராயண் ஜக்ரூப்னா ஒருத்தன்தான், அது நான். வயசு அறுபத்தொம்பது முடிஞ்சு எழுபது நடக்குது. கூவாவுக்கும் ஷகுவானஸுக்கும் நடுவுல டாக்ஸி ஓட்டினவன். இப்ப எங்க ஊர்க் கோயில் கமிட்டிக்குச் செயலாளர். பள்ளிக்கூடம் சின்ன வகுப்போட நின்னுபோச்சு; மிச்சத்தை, சவாரிக்குக் காத்துக்கிட்டிருந்த நேரத்துல பத்திரிகை படிச்சு நானே கத்துக்கிட்டேன். ஆகவே நான் பேசினா அச்சடிச்ச மாதிரி இருக்கும்னு நாலு பேர் சொல்வாங்க.

வயசை நீங்க கேக்கலைதான். எழுபது வயசு ஆளுக்கு, இடுப்பே இல்லாத பையனுக்குத் தச்ச கோட்டை எடுத்து நீட்டினீங்களே, அதைப் பாத்ததும் நானாவே சொல்லிட்டேன்.

விஷயத்துக்கு வருவோம். எனக்கு வேண்டியது கழுத்து மூடின கோட்டு ஒண்ணு, அரக்கு நிறத்துல. இல்ல, அது கத்திரிப்பூ நிறம். அதை மடிச்சு வைங்க. வர்ற சனிக்கிழமை எங்க ஊர்ல கல்யாணம், நான் பொண்ணு வீட்டுப் பக்கம். இப்பல்லாம் கல்யாணப் பத்திரிகை வருதோ இல்லையோ, போன்ல ஒரு நிறப் படம் வந்துடுது. பொண்ணோட அப்பா, அம்மான்னா அரக்கு. மத்த சொந்தபந்தம் மொத்தமும் கத்திரிப்பூ. மாப்பிள்ளை வீடு கிளிப்பச்சை. போட்டோவைப் பாத்தா யாரு எந்த வரிசைன்னு சட்டுனு தெரியணுமாம். அரசாங்க ஆபீஸ்ல பியூனுக்கும் டிரைவருக்கும் சீருடை குடுப்பாங்களே, அது மாதிரி. எனக்கு ஒதுக்கினது கத்திரிப்பூ. எனக்கு வேணும்கறது அரக்கு. அவ்வளவுதான் சங்கதி.

ஒதுக்கினதையே போட்டுக்கலாமேன்னு நீங்க எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம். டெல்லியிலேருந்து துணி விக்க வந்தவர் நீங்க. விக்கிற வழியைப் பாருங்க.

அங்கிளா? அங்கிள்னு கூப்பிடாதீங்க. இந்த இந்தியத் துணி எக்ஸ்போ முழுக்க ஒவ்வொரு கடையிலயும் அங்கிள், அங்கிள். அம்பது அடி நடக்கறதுக்குள்ள எனக்கு இத்தனை தங்கச்சி புள்ளைங்க, தம்பி புள்ளைங்க எங்கேருந்து முளைச்சாங்கன்னு தெரியலை. ஜக்ரூப் சார்னு கூப்பிடுங்க. இல்லேன்னா அண்ணேன்னு கூப்பிடுங்க.

ஒண்ணு கேக்கணும். வாசல் பலகையில என்ன எழுதி வச்சிருக்கீங்க? இந்தியச் சாயல்ல நவீன உடைகள். சரி. நீங்க இருக்கறது டெல்லி. டெல்லியில உக்காந்துகிட்டு இந்தியச் சாயல்ல தைக்கிறீங்கன்னா, அசலை யாருய்யா தைக்கிறாங்க? சாயல்னா அது நாங்க. எங்க பாட்டன் பூட்டன் இந்தியாவுலேருந்து இந்தத் தீவுக்குக் கப்பல்ல வந்து கரும்பு வெட்டினவங்க. என் மூக்கு அவங்க மூக்கு, பேச்சு இந்தத் தீவுப் பேச்சு. எங்ககிட்டயே வந்து சாயலை விக்கிறீங்க, அதுவும் ரெண்டாயிரத்து எண்ணூறு டாலருக்கு.

இந்தி வருமாவா? கோயில்ல பாடற அளவுக்கு வரும். பேரம் பேசற அளவுக்கு வராது. உங்க அதிர்ஷ்டம்.

அந்தப் பொம்மைக்குத் தலை எங்க? தலையே வைக்கலையா? அதுவும் சரிதான். தலை இருந்தா அந்தக் கால்சட்டையப் போட்டுக்கிட்டு நிக்குமா? மேல பாத்தா வேட்டி, கீழ பாத்தா பைஜாமா, நடுவுல ஏதோ மூட்டை கட்டித் தொங்குது. இதைப் போட்டுக்கிட்டு எங்க டாசா மேளத்துக்கு ஒருத்தன் ரெண்டு ஆட்டம் ஆடினான்னா, மூணாவது ஆட்டத்துக்கு ஆம்புலன்ஸ்தான் வரணும்.

கையா? கை சுத்தம். வாசல்ல டபிள்ஸ் சாப்பிட்டேன், ரெண்டு மஞ்சள் ரொட்டிக்கு நடுவுல கடலைக் கறி, காரம் கொஞ்சமாப் போடச் சொல்லி. காகிதத்துல துடைச்சு, குழாயில கழுவிட்டுத்தான் உள்ள வந்தேன். மஞ்சள் கறை துணியில பட்டாப் போகாதுன்னு எனக்கா தெரியாது? அந்தக் கதையைக் கேளுங்க. வெள்ளிக்கிழமை பொண்ணுக்கு மஞ்சள் பூசற சடங்கு. அதுக்குன்னே ஒரு உடை, உங்க ஊர் டிசைனர் ஒருத்தர் தச்சது, கண்ணாடியும் முத்துமாக் கோத்து வந்திருக்கு. நிறம் மஞ்சள். ஆனா அதுல மஞ்சள் படக்கூடாதாம்! பூசப்போற பொம்பளைங்களுக்கு உத்தரவு போட்டாச்சு: விரல் நுனியில தொட்டு, கன்னத்துல ஒரு பொட்டு, அதோட சரி. எங்க பக்கத்து வீட்டு பிந்தியா அக்கா கேட்டாங்க, ஏன்டி, இது மஞ்சள் பூசறதா, இல்ல ஆஸ்பத்திரியில ஊசிக்கு முன்னாடி பஞ்சு வைக்கிறதான்னு. கல்யாணப் பொண்ணு அஞ்சனியே விழுந்து விழுந்து சிரிச்சா. அவளுக்கா தெரியாது? தெரியும். துணி அப்பா அனுப்பினது. வேண்டாம்னு எப்படிச் சொல்லுவா?

அப்பா பேரு கென்னத் மொஹாபிர். டொரொண்டோவுல இருக்கார். அஞ்சனிக்கு ரெண்டு வயசா இருக்கறப்போ பனியைப் பாத்துட்டு வர்றேன்னு போனார். பனி நல்லாப் பிடிச்சுப் போச்சு போல, அங்கயே வேற கல்யாணமும் பண்ணிக்கிட்டார். இப்ப வர்றார், ரெண்டு பெட்டித் துணியோட. அந்த நிறப் படம்கூட அவரோட இப்போதைய சம்சாரம் அங்கேருந்து போட்டு அனுப்பினதுதான்.

அவர் போட்டுக்கப்போற கோட்டை நீங்க பாக்கணும் தம்பி. அரக்கு நிறம், நிறத்துல குறை இல்ல. ஆனா ஒரு தோள்ல மட்டும் துணி தொங்குது, மறு தோளுக்குப் பத்தலை. பொத்தான் நடு மார்புல இல்ல, விலாவுல ஓடுது, கோயில் படிக்கட்டு மாதிரி. போன்ல முகத்தைக் காட்டிப் பேசுறப்போ தூக்கிக் காட்டினார். அண்ணே, டிசைனர் பண்ணினது, உலகத்துலயே இது ஒண்ணுதான் தச்சாங்கன்னார். ஒண்ணு தச்சதுமே அவங்களுக்குப் புத்தி வந்துடுச்சாக்கும்னேன். அஞ்சனி சிரிச்ச சிரிப்புல போன் கீழ விழுந்துடுச்சு. அவங்க அம்மா என் தொடையில கிள்ளினா பாருங்க, ரெண்டு நாளைக்குக் கன்னிப்போயிருந்தது.

கென்னத் என் தம்பியாவா? ஐயோ, அந்த அளவுக்கு நான் பாவம் பண்ணலை.

இதுதான் அரக்கா? குடுங்க பாக்கலாம். துணி பரவாயில்ல. தையல்... சரி, பரவாயில்லன்னே வச்சுக்குவோம். இது என்ன, உள்பக்கம் மயிலு? உள்துணியில எதுக்குய்யா இத்தனை மயிலு? கோட்டைப் போட்டப்புறம் இதை யாரு பாக்கப் போறா? போட்டிருக்கவருக்கு மட்டும் தெரிஞ்சாப் போதுமா? இதுக்கும் சேத்துத்தான் விலையா? ஒருத்தனும் பாக்காத மயிலுக்குக் காசு வாங்கறீங்களே, நீங்க பொழைச்சுக்குவீங்க தம்பி.

போட்டுப் பாக்கறேன். இந்தக் கையைப் பிடிங்க. தோள்பட்டை கொஞ்சம் மக்கர் பண்ணும். ஸ்டியரிங் பிடிச்ச தோளு.

ம்.

யாருய்யா அது சத்தம் போடறது? ஓ, பிரிதிபாலா! போ, போ, உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போ. கேட்டீங்களா தம்பி? மாப்பிள்ளை வேஷம் கட்டுறியா ஜக்ரூப், கடிக்கப் பல்லு இருக்கான்னு கேக்கறான். டேய், பல்லு என் சொந்தப் பல்லு, கழட்டித் தம்ளர்ல போடறது நீதான்! முதல்ல கோயிலுக்குச் சந்தாவைக் கட்டு! ஓடறான் பாருங்க. சந்தான்னு சொன்னா இந்த ஊர்ல எப்பேர்ப்பட்ட கூட்டமும் கலைஞ்சுடும்.

கண்ணாடியைக் கொஞ்சம் சாய்ங்க. இப்படி. நல்லாத்தான் இருக்கு. அதான் தொல்லை. நல்லா இல்லாம இருந்திருந்தா உங்களை நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிருப்பேன்.

அதோ, அந்த வளையல் கடையில, கடைக்காரப் பொண்ணை அழவிட்டுக்கிட்டு ஒரு அம்மா நிக்கறாங்க பாருங்க, சிவப்புக் கைப்பை. பேரு தாராவதி. அவங்க பையில இருக்கற புடவை அரக்கு. அதுக்கு ஜோடியாத்தான் வளையல் தேடறாங்க. ஆமா, பொண்ணோட அம்மா. என் வீட்டுக்காரி.

ஏன் முழிக்கிறீங்க? கணக்கு சரியாத்தான் இருக்கு. பொண்ணுக்கு நாலு வயசு இருக்கறப்போ நான் தாராவதியைக் கட்டிக்கிட்டேன். இப்ப எங்க வீட்டுல அம்மாவுக்கு அரக்கு, பொண்ணு பந்தலைவிட்டு எந்திரிச்சு மாத்திக்கிற புடவை அரக்கு, நாய்க்குக் கழுத்துல கட்ட ரிப்பன் வாங்கியிருக்காங்க, அதுவும் அரக்கு. கத்திரிப்பூ நான் ஒருத்தன்தான்.

அஞ்சனிகிட்ட ஏன் சொல்லலைன்னா? அவ அந்தப் படத்தைச் சரியாப் பாத்தாளோ இல்லையோ, தலைக்கு மேல வேலை அவளுக்கு. நான் கேக்க மாட்டேன். கேட்டா அழுவா. அழுதா கண்ணு வீங்கும். கண்ணு வீங்கினா அந்த மேக்கப்காரி இன்னும் அதிகக் காசு கேப்பா. அவ பாக்கற வேலைக்கு இப்ப வாங்கறதே அநியாயம்.

சின்னப் புள்ளையில பள்ளிக்கூடத்துக்கு என் டாக்ஸியிலதான் வருவா. முன் சீட்டுதான் வேணும்பா. முன் சீட்டுக்கு ஒரு சவாரி கிடைக்கும், அந்தக் காசு போச்சு, போகட்டும். பின்னாடி உக்காந்திருக்கற பொம்பளைங்க சும்மா இருக்க மாட்டாங்க. ஏம்மா, டிரைவர் உனக்கு யாருன்னு தோண்டுவாங்க. இவ திரும்பிக்கூடப் பாக்காம, இது என் காரு, எங்கப்பா ஓட்டறாரு, நீங்க எங்க இறங்கணும்னு கேப்பா.

சரி, விடுங்க. உங்களுக்கு வியாபாரம் கெடுது.

பாத்துட்டா. தாராவதி பாத்துட்டா. வளையலைக் கீழ வச்சுட்டா பாருங்க. வீட்டுல உப்பு தீந்தாலே ஒரு மணி நேரம் பேசற பொம்பளை, ஒண்ணும் சொல்லாம நிக்கறா.

இந்தக் கையைப் பிடிங்க, கழட்டறேன்.

இல்ல, அளவு சரி. துணியும் சரி. நீங்க மனசுல போட்டுக்காதீங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சனிக்கிழமை மூங்கில் பந்தல்ல அரக்குக் கோட்டுல ரெண்டு ஆம்பளை நிக்கறோம். போட்டோ பிடிக்கறவன் கேப்பான், இதுல யாருங்க அப்பான்னு. என்கிட்ட கேக்க மாட்டான். கென்னத்துகிட்டயும் கேக்க மாட்டான். பொண்ணுகிட்டதான் கேப்பான். முன்னூறு பேர் பாக்க, அவ ஒரு பக்கம் கையைக் காட்டணும். எனக்கு ஒரு கோட்டு வேணும்கறதுக்காக அவளை அங்க நிறுத்தணுமா?

அந்தக் கத்திரிப்பூவை எடுங்க. மடிச்சு வைங்கன்னு நான்தான் சொன்னேன், இப்ப நான்தான் எடுங்கன்னு சொல்றேன். இந்த நிறத்தைப் போட்டா, போன வாரம் வாங்கின கத்திரிக்காய் மாதிரி இருப்பேன். இருந்துட்டுப் போறேன். ஆனா ஒரு நிபந்தனை. மூலையில ஒரு தையல்காரர் மிஷின் போட்டு உக்காந்திருக்காரே, உங்க ஆள்தானே? இதுலயும் உள்ள மயிலு இருக்கும்ல? அந்த மயிலையெல்லாம் பிரிச்சு எடுத்துடச் சொல்லுங்க, ஒண்ணு மிச்சம் இருக்கக்கூடாது. எடுத்துட்டு, உள்துணிக்கு அரக்கு வச்சுத் தைக்கச் சொல்லுங்க. கழுத்துலேருந்து கீழ் மடிப்பு வரைக்கும், முழுசா. அந்தத் துப்பட்டா கிடக்குல்ல, அதே அரக்கு, அதை வெட்டிக்கலாம்.

யாரு பாக்கப் போறாங்கன்னு கேக்கறீங்களா? நல்லா இருக்கே! போட்டிருக்கவருக்குத் தெரிஞ்சாப் போதும்னு இப்பத்தானே எனக்குப் பாடம் நடத்தினீங்க? அந்த மயிலுக்குப் பொருந்தறது எனக்குப் பொருந்தாதா?

வியாழக்கிழமைக்குள்ள தச்சுக் குடுத்துடணும். தாராவதிகிட்ட மூச்சு விடாதீங்க. வெளியில காட்டுங்க, உள்ள புரட்டாதீங்க. பில்லுல பேரு சரியா வந்திருக்கா? தேவ்நாராயண். கடைசியில ண், ன் இல்ல.

கன்னிகாதானத்துக்கு உக்காரப்போறது யாரா? கென்னத்துதான், வேற யாரு. சேச்சே, என்னை ஒருத்தரும் தள்ளி வைக்கலை தம்பி, அப்படியெல்லாம் தப்பா நினைக்காதீங்க. பண்டிட் மாராஜ் நாள் குறிக்க வீட்டுக்கு வந்திருந்தார். பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு, பொண்ணைக் குடுக்கறது யாரு, மூணு தலைமுறைப் பேரு சொல்லுங்கன்னார். அஞ்சனி என்னைப் பாத்தா, வாயைத் திறக்கப் போனா. அவ எந்தப் பேரைச் சொல்லியிருந்தாலும் இன்னொரு பேரு அவ தொண்டையிலயே நின்னிருக்கும், ஆயுசுக்கும். அதனால அவளை முந்திக்கிட்டு நானே சொன்னேன்: எழுதிக்குங்க மாராஜ், அப்பா கென்னத் மொஹாபிர், தாத்தா சாத்ரோகன் மொஹாபிர், கொள்ளுத்தாத்தா மொஹாபிர், கப்பல்ல வந்தவர். ஒரு எழுத்து தடுமாறலை, அச்சடிச்ச மாதிரி. சாயங்காலம் அவளைக் காணோமேன்னு தேடினா, கொட்டகையில கோழி அடையற என் பழைய டாக்ஸியில, முன் சீட்டுல உக்காந்திருந்தா. நான் போய் ஸ்டியரிங் பக்கம் உக்காந்தேன். எங்க இறங்கணும்னு கேட்டேன். இருட்டற வரைக்கும் ரெண்டு பேரும் அப்படியே இருந்தோம்.

அன்னிக்குத் தேதிகூட எனக்கு மறக்கலை, மார்ச் பதினாறு, ஞாயித்துக்கிழமை.